ஆடிக் குளிரும் ஐரிஸ் கிழங்கும்

ஆகஸ்ட் முதல் வாரம், காலை ஏழு மணி. ஜொகன்னஸ்பர்குக்குத் தெற்கே லெனேசியாவில், எங்கள் வீட்டு முன்பாத்தியில் உறைபனி படிந்திருக்கிறது. ஐரிஸ் இலை நுனிகளில் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளை. குனிந்து, மண்ணுக்கு மேலே பாதி முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். காய்ந்த விரலி மஞ்சள் போலக் கட்டியாக இருக்கிறது. எனக்கு அது போதும். அக்டோபரில் பூ உண்டு.

ஊரில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்தவர்களை தென்னாப்பிரிக்கா முதலில் குழப்பத்தான் செய்யும். இங்கே ஆடி என்றால் நடுக்குளிர். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் (இங்கே அதற்கு 'போரிஜ் பிரேயர்' என்று பெயர்) சொம்பைப் பிடித்த கை மரத்துப்போகும். 2012 ஆகஸ்ட் 7 அன்று, அதுவும் ஆடியில்தான், ஜொகன்னஸ்பர்கில் பனியே பொழிந்தது. அப்படிப்பட்ட குளிரில் ஒரு பூச்செடியை மூடாமல், வீட்டுக்குள் எடுத்து வைக்காமல் விட்டிருக்கிறேனே, செத்துவிடாதா என்று வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. இதுவரை ஒரு ஐரிஸைக்கூட நடாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் எந்த ஐரிஸ் என்று சொல்லிவிடுகிறேன். ஐரிஸ் இனத்தில் ஏறக்குறைய 300 வகைகள் இருக்கின்றன. எல்லாமே பூமத்திய ரேகைக்கு வடக்கே இயற்கையாக வளர்பவை. நான் இங்கே பேசுவது தாடி ஐரிஸ் பற்றி. மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி உட்கார்ந்தது போல ஒரு வரி மயிர் இருக்கும், அதுதான் தாடி. தேனீக்கு உள்ளே போக வழி காட்டுவது அது. ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதையின் பெயர். இந்தப் பூவில் வராத நிறம் என்று பார்த்தால் நல்ல சிவப்பு ஒன்றுதான், மற்றதெல்லாம் உண்டு.

ஜொகன்னஸ்பர்கிலும் டர்பனிலும் சாலை நடுவிலும் கடை வாசலிலும் வாள் போன்ற இலையோடு வெள்ளையாக, மஞ்சளாகப் பூத்து நிற்பதையும் இங்கே 'வைல்டு ஐரிஸ்' என்பார்கள். அது டயட்டீஸ், இந்த ஆப்பிரிக்க மண்ணின் செடி. ஐரிஸின் குடும்பம்தான், ஆனால் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி வேறு வீடு. கிளாடியோலஸ், ஃப்ரீசியா எல்லாம் அதே குடும்பம். நாம் பாலில் போடும் குங்குமப்பூவும் அதே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. டயட்டீஸுக்கு நான் கீழே சொல்லும் எதுவும் தேவையில்லை. அது தானாக வளரும்.

சரி, கிழங்குக்கு வருவோம். ஐரிஸைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வசதி உண்டு. இஞ்சியும் மஞ்சளும் கையில் எடுத்துப் பழகியவர்கள் நாம். ஐரிஸின் கிழங்கும் அதே வகைதான். பள்ளிப் பாடத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போம். வேர் மாதிரி தெரிந்தாலும் அது தண்டு. படுத்தபடி வளரும், பக்கவாட்டில் விரல் விடும், கீழ்ப்பக்கம் வேர் இறக்கும், ஒரு முனையில் விசிறி போல இலை விடும். சாப்பாட்டைத் தனக்குள்ளேயே சேர்த்து வைக்கும்.

ஆனால் இரண்டு விஷயத்தில் இஞ்சியை மறந்துவிட வேண்டும். ஒன்று, இதைச் சாப்பிடக் கூடாது, விஷம். நாய் வளர்ப்பவர்கள் கவனமாக இருங்கள். இரண்டு, இஞ்சியைப் போல மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. வேர்கள் மண்ணுக்குள்ளே போகட்டும், கிழங்கின் முதுகு வெளியே இருக்கட்டும். எருமை குளத்தில் கிடப்பது போல. அந்த முதுகில் வெயில் படவேண்டும்.

பூக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ள வாழையைப் பாருங்கள். வாழை ஒருமுறை குலை தள்ளினால் அந்த மரத்தின் வேலை முடிந்தது. பக்கத்தில் வந்த கன்றுதான் அடுத்த குலை தரும். ஐரிஸ் கிழங்கும் அப்படியே. பூத்த துண்டு மறுபடி பூக்காது. அதன் இரண்டு பக்கமும் முளைத்த பிள்ளைக் கிழங்குகள் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ பூக்கும். "போன வருஷம் பூத்தது, இந்த வருஷம் இலை மட்டும்தான்" என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளைகள் இன்னும் பருமனாகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குளிர். மைனஸில் போகும் ஒரு ராத்திரியில் செடிக்குள் என்ன நடக்கிறது?

செடியைக் கொல்வது குளிர் என்கிறோமே, உண்மையில் கொல்வது பனிக்கட்டி. செடியின் ஒவ்வொரு செல்லிலும் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் செல்லுக்குள்ளேயே கட்டியாகிவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகள் கிழிந்துபோகும். காலையில் வெயில் பட்டு உருகியதும் செடி வேகவைத்த கீரை மாதிரி தொய்ந்து கிடக்கும். மஞ்சளையோ வாழையையோ லெனேசியாவில் திறந்த வெளியில் விட்டால், ஜூன் மாதத்து ஒரே ராத்திரியில் இலையெல்லாம் கறுத்து இந்தக் கதிதான் ஆகும்.

ஐரிஸ் தப்பிப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதை உங்கள் வீட்டு ஃப்ரீசரிலேயே பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், இன்னொரு கிண்ணத்தில் கெட்டியான சர்க்கரைப்பாகு வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தண்ணீர் கல்லாகியிருக்கும். பாகில் கரண்டி இறங்கும். சர்க்கரை கலந்த தண்ணீர் சுலபத்தில் உறையாது. இலையுதிர்காலத்தில் பகல் குறைந்து இரவு மெல்ல மெல்லக் குளிரத் தொடங்கியதும், கிழங்கு தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கு இனிப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதே வேலைதான். அதோடு, செல்லுக்கு வெளியே இருக்கும் இடுக்குகளில்தான் முதலில் பனிக்கட்டி உண்டாகிறது. அது உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. தண்ணீர் குறையக் குறைய உள்ளே இருப்பது இன்னும் கெட்டிப் பாகாகிறது. பனிக்கட்டி வெளியே, உயிர் உள்ளே.

இந்தத் தயாரிப்புக்குச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் படிப்படியாக வரும் குளிர் ஐரிஸை ஒன்றும் செய்வதில்லை. இலைகள் பாதி காய்ந்து, நடுவில் ஒரு சாண் உயரத்துக்குச் சின்ன விசிறி மட்டும் நிற்கும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அது தூக்கம்தான். கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் மைனஸ் 35 டிகிரி வரை போகும் இடங்களில்கூட இதே தாடி ஐரிஸ் வெளியில் கிடந்து பிழைக்கிறது. ஜொகன்னஸ்பர்கின் ஜூலை இரவு சராசரியாக 4 டிகிரி. லெனேசியா போன்ற பள்ளமான இடங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஐரிஸைப் பொறுத்தவரை இதெல்லாம் சாதாரணம்.

சாதாரணம் மட்டுமா? அதற்கு இது வேண்டும். பல செடிகள் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் பூக்கத் தயாராகும். தாவரவியலில் இதைத் தட்பப்பதனம் என்பார்கள். குளிர்காலக் கோதுமைக்கும் அப்படித்தான். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் கதிர் வரும். இடையில் ஒரு வெதுவெதுப்பான நாள் வந்ததும் ஏமாந்து பூத்து, அடுத்த உறைபனியில் பூவை இழக்காமல் இருக்கச் செடி வைத்துக்கொண்ட காவல் அது. நன்றாகப் பருத்த ஐரிஸ் கிழங்கு பல வாரக் குளிரைக் கடந்த பிறகே பூத்தண்டு விடும். இரண்டும் சேர வேண்டும். சின்னக் கிழங்குக்கு எவ்வளவு குளிர் கிடைத்தாலும் பூ வராது. குளிரே படாத பெரிய கிழங்கும் இலையோடு நின்றுவிடும்.

டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பதும் இதுதான். லெனேசியாவில் வாங்கிப்போய் சாட்ஸ்வர்த்தில் நட்டால் ஏன் பூக்கவில்லை? கடலோரத்தில் உறைபனியே கிடையாது. கிழங்குக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது. போதாக்குறைக்குக் கோடையில் புழுக்கமும் மழையும் சேர்ந்து அழுகவைக்கும். அவர்களுக்கு நான் லூயிசியானா ஐரிஸைச் சொல்வேன். அது அமெரிக்காவின் வெப்பமான சதுப்பு நிலத்துச் செடி, ஈரத்தில் நின்றால் சந்தோஷப்படும். அதே மாகாணத்தில் கடலைவிட்டுத் தள்ளி, உயரத்தில் இருக்கும் நியூகாசில், டண்டீ பக்கத்துக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அங்கே தாடி ஐரிஸுக்குத் தேவையான குளிர் நன்றாகவே இருக்கிறது.

சரி, குளிர் கொல்லாது என்றால் எது கொல்கிறது? இதை நான் ஒரு பாத்தி முழுவதையும் இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி டர்பனில் பிறந்தவர், கல்யாணமாகி லெனேசியா வந்து நாற்பது வருஷம் ஆகிறது. முதல் கிழங்குகளை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். பத்துத் துண்டு. ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கொடுத்தார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் நட்ட பழக்கத்தில் இரண்டு அங்குலம் ஆழத்தில் புதைத்தேன். குளிருமே என்று மேலே காய்ந்த புல்லால் கனமாக மூடாக்கும் போட்டேன். குளிர்காலம் நல்லபடியாகப் போனது. வசந்தத்தில் இலையும் வந்தது. ஜனவரி மழை இரண்டு வாரம் விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடித்துத் தூக்கினேன், இலை மட்டும் கையோடு வந்தது. கீழே கிழங்கு இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ். அந்த நாற்றத்தைச் சொல்ல முடியாது. அழுகிய முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றது போல இருந்தது. பத்தில் இரண்டு மட்டும் தேறின.

ஆன்ட்டி வந்து பார்த்தார். திட்டவில்லை. "தண்ணிதான் கொல்லும் கண்ணு, குளிர் இல்ல" என்றார். வீட்டுக்குப் போய் ஒரு பழைய எவர்சில்வர் ஸ்பூன் எடுத்துவந்தார். தேறிய இரண்டையும் தோண்டி, கொழகொழவென்று இருந்ததையெல்லாம் வழித்து எறிந்தார். வெள்ளையாக, கெட்டியாக, பச்சை உருளைக்கிழங்கைச் சுரண்டினால் கேட்குமே அப்படிச் சத்தம் வரும்வரை விடவில்லை. ஒரு பங்கு ஜிக் (இங்கே கடையில் கிடைக்கும் பிளீச்), ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் முக்கினார். பிறகு இரண்டையும் மதில்மேல் வெயிலில் இரண்டு நாள் காயவைத்தார். அந்த இரண்டின் பிள்ளைகள்தான் இன்று என் முன்பாத்தி முழுக்க இருப்பவை.

இதற்கு மென்னழுகல் என்று பெயர். மண்ணில் எப்போதும் இருக்கும் ஒரு பாக்டீரியா, காயம்பட்ட அல்லது ஈரத்திலேயே ஊறிக்கிடக்கும் கிழங்குக்குள் புகுந்து செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைக் கரைத்துவிடுகிறது. அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து வேண்டும். குளிர்காலத்தில் அது மந்தம். அதனால் வருஷத்தின் ஆபத்தான பருவம் நாம் பயப்படும் ஆடி கிடையாது. தை மாதம்தான். இந்த மேட்டு நிலத்தில் ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். குளிர்காலம் எலும்பு போலக் காய்ந்திருக்கும். ஐரிஸின் கண்ணால் பார்த்தால் இந்த ஊருக்குக் கிடைத்த வரம் அந்த வறண்ட குளிர். குளிரும் ஈரமும் ஒன்றாக வரும் நாடுகளில் இரண்டோடும் போராட வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களையும் வீடியோக்களையும் அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான். குளிருக்கு மூடாக்குப் போடு என்கிறார்கள். அவர்கள் ஊரில் ஈரமண் உறைந்து, உருகி, மறுபடி உறையும். ஒவ்வொரு முறையும் மண் உப்பி, ஆழம் இல்லாமல் கிடக்கும் கிழங்கை மேலே தள்ளிவிடும். புதிதாக நட்டது என்றால் வேரோடு வெளியே வந்துவிடும். மண் உறைந்த பிறகு மேலே ஏதாவது மூடினால் அந்த ஏற்ற இறக்கம் குறையும். அங்கே அது சரி. நம் மண் காய்ந்தும் இருக்கிறது, ஆழமாக உறைவதும் இல்லை. இங்கே மூடாக்கு என்பது கிழங்கின் முதுகில் போட்ட ஈரத்துணி. அப்புறம் திசை. வெயில் படும்படி கிழங்கின் இலையில்லாத பக்கத்தைத் தெற்கே பார்த்து வை என்று எழுதியிருப்பார்கள். நமக்குச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. இலை தெற்கே, கிழங்கு வடக்கே என்று திருப்பிப் போடுங்கள்.

நடுவதற்கு நல்ல காலம் மாசி, பங்குனி. மழை குறையத் தொடங்கியிருக்கும், குளிர் வருவதற்குள் வேர் பிடிக்க நேரமும் இருக்கும். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் பாருங்கள். இங்கே எங்கள் மண் சிவப்புக் களி, தண்ணீரை விடாது. அதனால் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுகிறேன், பருமணலும் மக்கிய கம்போஸ்டும் கொஞ்சம் கலந்து. நடுவில் மண்ணைக் குதிரை முதுகு போலக் கூட்டி, அதன்மேல் கிழங்கை உட்கார வைத்து, வேர்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு மண்ணை அணைக்க வேண்டும். இலையை ஒரு சாண் விட்டு விசிறி போல வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று ஆட்டி ஆட்டி வேரை அசைக்கும். ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி. நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர், பிறகு மண் காய்ந்தால் மட்டும்.

ஆனியிலும் ஆடியிலும் வேலையே இல்லை. காய்ந்த இலையை உரித்துப் போட்டுவிட்டு சும்மா இருங்கள். தினமும் தண்ணீர் ஊற்றத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுவதுதான் கஷ்டம்.

ஆவணி பிறந்ததும் நடு விசிறி பச்சை கட்டும். மழை வர இன்னும் நாள் இருப்பதால், இப்போதுதான் வாரத்துக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடத் தொடங்க வேண்டும். உரம் என்றால் எலும்புத் தூளோ, நர்சரியில் 'டூ த்ரீ டூ' என்று கேட்டு வாங்கும் 2:3:2 உரமோ (தழை, மணி, சாம்பல் சத்துகள் அந்த விகிதத்தில் இருக்கும்) ஒரு கைப்பிடி, கிழங்கின் மேலே படாமல் சுற்றிலும். இதே சமயத்தில் எல்லோரும் புல்தரைக்கு எல்ஏஎன் என்ற தழைச்சத்து உரத்தை வீசுவார்கள். அது ஐரிஸ் பாத்தியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதிகமானால் இலை கொழுக்கும், கிழங்கு மெத்தென்று ஆகும், தை மாதத்து அழுகலுக்கு நாமே விருந்து வைத்தது போலாகும். தூக்கம் கலைந்த பிறகு வரும் உறைபனியைத்தான் ஐரிஸ் தாங்காது. செப்டம்பரில் அப்படி ஒரு ராத்திரி திடீரென்று வந்தால், மொட்டு வைத்த தண்டுகள் மேல் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

புரட்டாசி விரதத்தில் பூக்கத் தொடங்கும். ஒரு தண்டில் ஏழெட்டு மொட்டு இருக்கும், ஒவ்வொன்றாக மேலிருந்து விரியும். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான். வாடியதைக் கிள்ளிவிட்டால் அடுத்தது தடையில்லாமல் வரும். ஐப்பசியில் ஆலங்கட்டி மழை வந்தால் எல்லாம் ஒரே நிமிஷத்தில் கந்தலாகிவிடும், அதனால் மேகம் கறுத்தால் நான் கத்திரிக்கோலோடு ஓடி, மொட்டாக இருக்கும் தண்டுகளை வெட்டி உள்ளே கொண்டுவந்துவிடுவேன். ஜாடித் தண்ணீரிலும் விரியும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள், இலையைத் தொடாதீர்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளை வளர்ப்பது அந்த இலைதான்.

மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டம் நெருங்கி, கிழங்கின் மேல் கிழங்கு ஏறி நிற்கும். மாசியில் முழுக் கொத்தையும் கிளறி எடுத்து, நடுவில் சுருங்கிக் கிடக்கும் கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத்துப் பருமனான பிள்ளைகளை ஒடித்து, காயம் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்து மறுபடி நடவேண்டும். எப்போதும் நமக்குத் தேவையானதைவிட அதிகமாகவே மிஞ்சும். போன மாசியில் எனக்கு நாற்பது துண்டு மிஞ்சியது. ஆன்ட்டி கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொன்றின் இலையிலும் பூவின் நிறத்தை மார்க்கர் பேனாவால் எழுதினேன், ஊதா, மஞ்சள், வெள்ளையில் நீலக்கரை என்று. கோயிலுக்கு வந்தவர்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன், "முதுகைப் புதைக்காதீர்கள்."